ஸ்டூடியோ நிறுவனம் என்பது என்ன? ஏவி.எம். வரலாற்றிலிருந்து ஓர் எளிய விளக்கம்

பழைய தமிழ்ப் படங்களின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பொறுமையாகப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். படத்தைத் தயாரித்தவரின் பெயர் ஓரிடத்தில் வரும்; படம் எடுக்கப்பட்ட ஸ்டூடியோவின் பெயர் வேறோரிடத்தில் வரும்; ஒலிப்பதிவு நடந்த கூடமும் பிலிம் கழுவப்பட்ட லேபரட்டரியும் தனித்தனியே சொல்லப்பட்டிருக்கும். பெரும்பாலான படங்களில் இவை வெவ்வேறு பெயர்களாக இருக்கும். சில படங்களில் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே பெயர் நிற்கும். ஸ்டூடியோ நிறுவனம் என்று திரைத்துறையில் சொல்லப்படுவது இந்த இரண்டாவது வகை.

படத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்க ஓர் அலுவலக அறை, முதல் போடும் ஆள், கதை, நடிகர்களின் கால்ஷீட் ஆகியவை இருந்தால் ஏறக்குறையப் போதும். மற்றவற்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஸ்டூடியோ நடத்துவதற்கு நிலம் வேண்டும். வெளிச்சத்தம் புகாத உயரமான கூடங்கள் வேண்டும்; தொழிலில் இவற்றை ஃப்ளோர் என்பார்கள். தடையில்லாத மின்சாரம், விளக்குகள், கேமராக்கள், ஒலிப்பதிவுக் கூடம், எடிட்டிங் அறைகள், லேபரட்டரி, உடைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் அடுக்கிவைக்கப்பட்ட கிடங்குகள் ஆகியவற்றோடு, தச்சர் முதல் லைட்மேன் வரை மாதச் சம்பளம் வாங்கும் ஒரு சிறிய ஊரே அதற்குத் தேவைப்பட்டது. இந்த இரண்டு தொழில்களையும் ஒரே முதலாளி நடத்தும்போது ஸ்டூடியோ நிறுவனம் பிறக்கிறது. சொந்த நெல்லையும் அரைத்துக்கொண்டு, ஊராரின் நெல்லையும் கூலிக்கு அரைத்துக் கொடுக்கும் ரைஸ் மில்லைப் போன்றது அதன் கணக்கு: தன் படம் ஓடாவிட்டாலும் பிறர் கட்டும் வாடகை வரும், வாடகைக்கு ஆள் வராத நாளில் தன் படத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு எப்படி வேலை செய்தது, எப்போது வேலை செய்யாமல் போனது என்பதைப் புரிந்துகொள்ள ஏவி.எம். நிறுவனத்தின் வரலாறு நல்ல பாடம். சென்னை வடபழனியில், ஆற்காடு சாலையை ஒட்டி, சுழலும் உலக உருண்டையை வாசலில் வைத்த அந்த வளாகத்தைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் அங்கே அறிமுகமான நட்சத்திரங்களின் கதைகளாகவே இருக்கின்றன. அவை சுவையானவைதான். ஆனால், அவற்றுக்கு அடியில் ஓடும் வியாபார அறிவைக் கவனித்தால்தான் அந்த நிறுவனம் ஏன் தன் காலத்து மற்ற ஸ்டூடியோக்களைவிட நெடுநாள் நீடித்தது என்பது விளங்கும். ஒரு படம் என்பது பல பொருள்களின் சேர்க்கை என்பதையும், குரல், மொழி, கதை, தளம், நேரம் ஆகிய ஒவ்வொன்றையும் மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியே விலைபேச முடியும் என்பதையும் அதன் நிறுவனர் மிக முன்னதாகவே கண்டுகொண்டார் என்பது என் கருத்து.

நிறுவனரான ஏவி. மெய்யப்பன் 1907இல் காரைக்குடியில் பிறந்தவர். அவருடைய தந்தை ஆவிச்சி செட்டியார் அங்கே நடத்திய கடையில் கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்கப்பட்டன. மெய்யப்பன் 1930களின் தொடக்கத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து மதராஸில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். பாடகர்களை அழைத்துப் பாட வைத்துப் பதிவு செய்து விற்பதும், நாடகங்களை வசனமும் பாட்டுமாகப் பல தட்டுகளில் பதித்துத் தொகுதியாக விற்பதும் அந்தக் காலத்து இசைத்தட்டுத் தொழிலின் நடைமுறை. பாடியவரின் முகத்தைப் பாராமலேயே அவருடைய குரலுக்குப் பணம் கொடுக்க மக்கள் தயாராக இருக்கிறார்கள் என்பதை அன்றாடம் கல்லாப்பெட்டியில் பார்த்த ஒருவர் சினிமாவுக்குள் வந்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்போது தமிழ்ப் படம் எடுப்பது தமிழ்நாட்டுக்கு வெளியே நடக்கும் வேலையாக இருந்தது. 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் பம்பாயில் எடுக்கப்பட்டது. அதன் பிறகும் சில ஆண்டுகள் நடிகர்கள், வாத்தியக்காரர்கள், சமையல்காரர்கள் என்று ஒரு கூட்டமே ரயிலேறி பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ புனாவுக்கோ போய், அங்குள்ள ஸ்டூடியோக்களை வாடகைக்குப் பிடித்துப் படத்தை முடித்துக்கொண்டு திரும்புவது வழக்கம். மதராஸில் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோ 1934இல்தான் வந்தது, ஏ. நாராயணன் தொடங்கிய சீனிவாசா சினிடோன் அது. அதன் ஒலிப்பதிவைக் கவனித்தவர் அவருடைய மனைவி மீனா என்பது பலரும் அறியாத செய்தி. மெய்யப்பனின் முதல் படமான ‘அல்லி அர்ஜுனா’ 1935இல் வெளிவந்தது. அதுவும் கல்கத்தாவில் எடுக்கப்பட்டதே. அது தோற்றது. அடுத்து வந்த ‘ரத்னாவளி’யும் தோற்றது. சொந்தத் தளம் இல்லாத தயாரிப்பாளருக்கு இருக்கும் இடர் இந்த இடத்தில் தெளிவாகத் தெரிகிறது: வாடகை நாள்கள் முடிந்துவிட்டால், எடுத்தது பிடிக்காவிட்டாலும் அதையே வெளியிட வேண்டும்.

மூன்றாவது படமான ‘நந்தகுமார்’ 1938இல் வந்தது. அக்காலத்தில் நடிகர்கள் கேமராவுக்கு முன்னால் நின்று நிஜமாகவே பாட வேண்டியிருந்தது. வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே மரத்துக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ ஒளிந்து வாசிப்பார்கள். ஆகவே நன்றாகப் பாடத் தெரிந்தவர்களே நடிகர்களாக முடிந்தது. ‘நந்தகுமார்’ படத்தில் தேவகியாக நடித்தவருக்கு லலிதா வெங்கட்ராமன் என்பவர் குரல் கொடுத்தார். தமிழில் பின்னணிப் பாடல் முறை இதிலிருந்து தொடங்குவதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டு, அதைத் தளத்தில் ஒலிக்கவிட்டு, நடிப்பவர் வாயசைக்கும் ஏற்பாடு பிற்பாடு இந்திய சினிமா முழுவதற்கும் பொதுவான நடைமுறையாயிற்று. ஒருவருடைய குரலை இன்னொருவருடைய உடலோடு ஒட்டலாம் என்ற யோசனை, குரலைத் தட்டில் அடைத்து விற்றுப் பழகியவருக்கு விந்தையாகப் பட்டிருக்காது.

அதன் அடுத்த கட்டம் மொழிமாற்றம். 1940களின் தொடக்கத்தில் மெய்யப்பன் கன்னடத்தில் எடுத்த அரிச்சந்திரன் கதைப் படத்தின் வசனங்களை 1944இல் தமிழில் பேசிப் பதித்து வெளியிட்டார். தமிழில் டப்பிங் செய்யப்பட்ட முதல் படம் என்று அது குறிப்பிடப்படுகிறது. மறுஆண்டு வந்த ‘ஸ்ரீவள்ளி’யில் டி.ஆர். மகாலிங்கத்துக்கு ஜோடியாக நடித்த ருக்மிணியே தன் பாட்டுகளைப் பாடியிருந்தார். முடிந்த படத்தைப் பார்த்த மெய்யப்பனுக்கு அந்தக் குரல் நிறைவு தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து, ஏற்கெனவே எடுக்கப்பட்ட வாயசைவுக்கு ஏற்றபடி அந்தக் குரலைப் பொருத்தினார். பின்னணிப் பாடலில் குரலுக்கு ஏற்ப வாய் அசையும். இங்கே அசைந்து முடிந்த வாய்க்கு ஏற்பக் குரல் வந்தது. எளிய வேலையல்ல அது. படம் பெரும் வெற்றி பெற்றது.

அதுவரை மெய்யப்பன் எடுத்த படங்கள் யாவும் சரஸ்வதி, பிரகதி போன்ற பெயர்களில், கூட்டாளிகளோடு சேர்ந்து நடத்திய நிறுவனங்களின் வழியே வந்தவை. 1945 அக்டோபர் 14 அன்று, மதராஸ் சாந்தோமில், தன் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்ட ஏவி.எம். புரொடக்சன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால் ஸ்டூடியோ மதராஸில் அமையவில்லை. போர் முடிந்த கையோடு பொருள்களுக்கும் மின்சாரத்துக்கும் பெரும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. காரைக்குடிக்கு அருகில், தேவகோட்டை ரஸ்தாவில் நாடகக் கொட்டகை இருந்த ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து அங்கே தளம் போட்டார். ஸ்டூடியோ நிறுவனத்தின் முதல் தேவை கலைஞர்களா மூலதனமா என்று கேட்டால், அந்த ஆண்டு அதற்குக் கிடைத்த விடை மின்சார இணைப்பு என்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

காரைக்குடித் தளத்தில் எடுக்கப்பட்ட ‘நாம் இருவர்’ 1947 ஜனவரியில் வெளியானது. ப. நீலகண்டனின் நாடகத்தை அடிப்படையாகக் கொண்ட அந்தப் படத்தில் பாரதியாரின் பாடல்கள் இடம்பெற்றன. நாடு விடுதலை பெறுவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே, ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்’ என்று டி.கே. பட்டம்மாளின் குரல் திரையரங்குகளில் ஒலித்தது. அதற்குக் குமாரி கமலா ஆடினார்.

இந்தப் பாடல்களின் பின்னால் இருந்த விவகாரத்தைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். உரிமை என்பது ஸ்டூடியோ நிறுவனத்துக்கு எத்தகைய சொத்து என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டு இல்லை. பாரதியார் 1921இல் மறைந்தார். அவருடைய பாடல்களை அச்சிடும் உரிமை ஒரு வழியிலும், அவற்றை இசைத்தட்டாகப் பதிக்கும் உரிமை இன்னொரு வழியிலும் கைமாறின. இசைத்தட்டுப் பதிவுக்கான உரிமை ஜேசிங்லால் மேத்தா என்ற வியாபாரியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவரிடமிருந்து அதை மெய்யப்பன் விலைக்கு வாங்கினார். ஒரே பாட்டின் எழுத்து வடிவமும் ஒலி வடிவமும் தனித்தனிச் சொத்துகள் என்பது அன்று பலருக்கும் புதிய செய்தி. இசைத்தட்டு வியாபாரிக்கு அது பாலபாடம். பின்னர் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் படமொன்றில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது மெய்யப்பன் சட்ட நடவடிக்கையில் இறங்கினார். மக்களின் கவிஞனுடைய பாட்டு ஒரு தனியாரின் உடைமையாக இருக்கலாமா என்ற கேள்வி தமிழ்நாடெங்கும் கிளம்பியது. பாடல்களைப் பொதுச்சொத்தாக்க வேண்டும் என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் கோரினார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றுக்கொள்ள முன்வந்தபோது, மெய்யப்பன் தன்னிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமல் ஒப்படைத்தார்.

அந்த முடிவைப் பெருந்தன்மை என்று பாராட்டுபவர்கள் உண்டு. முதலில் வழக்குக்குப் போனவர் அவர்தானே என்று நினைவூட்டுபவர்களும் உண்டு. இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். உரிமைக்கு விலை உண்டு என்று நம்புகிற தொழிலதிபர் ஒருவர், அந்த நம்பிக்கையைக் கைவிடாமலேயே ஒரு குறிப்பிட்ட சொத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவும் முடியும்.

1948இல் ஏவி.எம். காரைக்குடியிலிருந்து மதராஸின் கோடம்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. அதே வட்டாரத்தில் வாகினி முதலிய ஸ்டூடியோக்களும் இயங்க, மவுண்ட் ரோட்டில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினியும், சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்தன. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் தென்னிந்தியாவில் ஸ்டூடியோ முறையின் உச்சக் காலம்.

அந்த முறையின் இயக்கத்தைப் புதிதாகப் படிப்பவர் ஒரே ஒரு செய்தியிலிருந்து புரிந்துகொள்ளத் தொடங்கலாம்: காலியாகக் கிடக்கும் தளமும் செலவு வைக்கும். படப்பிடிப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஊழியர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். கருவிகளைப் பராமரிக்க வேண்டும். போட்ட முதலுக்கு வட்டி ஏறும். ஆகவே தளம் ஓய்வின்றி உழைக்க வேண்டும் என்பதே ஸ்டூடியோ முதலாளியின் ஓயாத கவலை. பிறருடைய படங்களுக்கு வாடகைக்கு விடுவது அதற்கு ஒரு வழி. கையிலிருக்கும் ஒரு கதையைப் பல மொழிகளில் எடுப்பது இன்னொரு வழி.

இரண்டாவது வழியை ஏவி.எம். ஒரு கலையாகவே வளர்த்தது. 1949இல் வந்த ‘வாழ்க்கை’யில் அறிமுகமான வைஜயந்திமாலா, அதே கதையின் தெலுங்கு வடிவமான ‘ஜீவிதம்’ படத்திலும், 1951இல் வந்த இந்தி வடிவமான ‘பஹார்’ படத்திலும் நாயகியாக நடித்தார். கதையும் காட்சியமைப்பும் ஒருமுறை சோதிக்கப்பட்டுவிட்டதால் அடுத்த மொழியில் எடுப்பதற்கு யோசிக்கும் செலவு குறைகிறது. எந்த இடத்தில் அரங்கம் சிரிக்கும், எந்த இடத்தில் அழும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. ‘களத்தூர் கண்ணம்மா’ இந்தியில் ‘மைன் சுப் ரஹூங்கி’ ஆனதும், ‘நானும் ஒரு பெண்’, ‘குழந்தையும் தெய்வமும்’ ஆகியவை தெலுங்குக்கும் இந்திக்கும் போனதும் இதே முறையில்தான். கன்னடத்தில் 1954இல் ராஜ்குமாரை நாயகனாக்கிய ‘பேடர கண்ணப்பா’ குப்பி கர்நாடகா நிறுவனத்தோடு சேர்ந்து எடுக்கப்பட்டது. மதராஸ் அன்று தென்னிந்திய மொழிகள் அனைத்துக்கும் சினிமாத் தலைநகராக இருந்ததற்கு மொழிப்பற்றோ அரசியலோ காரணமல்ல. தளங்களும் லேபரட்டரிகளும் இங்கே குவிந்திருந்ததே காரணம்.

கூட்டுத் தயாரிப்பு என்பதும் ஸ்டூடியோ முறையின் ஒரு வசதி. 1952இல் வெளியான ‘பராசக்தி’யை வேலூரைச் சேர்ந்த பி.ஏ. பெருமாளின் நேஷனல் பிக்சர்ஸ் ஏவி.எம்.மோடு இணைந்து தயாரித்தது. இத்தகைய ஏற்பாட்டில் ஒருவர் பணத்தையும் கதையையும் கொண்டுவர, மற்றவர் தளத்தையும் கருவிகளையும் தன் பங்காக வைப்பது வழக்கம். புதுமுகமான சிவாஜி கணேசன் மிக ஒல்லியாக இருக்கிறார் என்று மெய்யப்பன் தயங்கியதும், வேறு நடிகரைப் போடலாம் என்றதும், பெருமாள் விடாப்பிடியாக நின்று அவரையே நடிக்க வைத்ததும் பலமுறை சொல்லப்பட்ட கதை. சிவாஜி உடம்பு தேறிய பிறகு தொடக்கக் காட்சிகளில் சில மறுபடியும் எடுக்கப்பட்டன என்ற பின்பகுதிதான் நம் விளக்கத்துக்கு முக்கியம். வாடகைத் தளத்தில் படம் எடுப்பவர் ஒரு காட்சியை இரண்டாம் முறை எடுக்க நினைத்தால் கால்ஷீட் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் கைவிட்டுவிடுவார். சொந்தத் தளம் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவின் பெரும்பகுதி முன்பே செய்யப்பட்டுவிட்ட செலவு. பிடிக்காததை அழித்துவிட்டுத் திரும்ப எடுப்பதில் மெய்யப்பனுக்கு இருந்த பெயர், அவருடைய குணத்தைப் பற்றிச் சொல்வதோடு அவருடைய தளத்தைப் பற்றியும் சொல்கிறது.

இதே பாதுகாப்புதான் துணிவான முயற்சிகளுக்கும் இடம் கொடுத்தது. எஸ். பாலசந்தர் இயக்கத்தில் 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டும் இல்லை. பாட்டை விற்றே வளர்ந்த ஒரு முதலாளி பாட்டே இல்லாத படத்துக்குப் பணம் போட்டார் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. வெளியானபோது அது வசூலில் வெற்றி பெறவில்லை. பிற்காலத்தில்தான் அதன் மதிப்பு உணரப்பட்டது. ஒரு படத்தை நம்பி வாழும் தயாரிப்பாளரால் தாங்க முடியாத இத்தகைய நட்டத்தை, ஆண்டு முழுவதும் பல வழிகளில் வருமானம் வரும் நிறுவனம் தாங்கிக்கொள்ளும்.

ஸ்டூடியோவுக்குள் வேலை எப்படி நடந்தது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் 1964இல் ஏவி.எம். தயாரித்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் வரும் ‘அவளுக்கென்ன அழகிய முகம்’ பாட்டைப் பார்க்கலாம். எம்.எஸ். விஸ்வநாதன் இசைக்குழுவை நடத்த, டி.எம். சௌந்தரராஜன் ஒலிவாங்கியின் முன் பாட, அந்தப் பாட்டு தளத்தில் நடனமாகப் படமாக்கப்படுவதும் மாறி மாறிக் காட்டப்படுகிறது. பல பக்கங்களில் எழுதி விளக்க வேண்டிய ஒரு தொழிலமைப்பு அங்கே நான்கைந்து நிமிடத்தில் அடங்கியிருக்கிறது. ஆர். சுதர்சனம் போன்ற இசையமைப்பாளர்களும், கிருஷ்ணன்-பஞ்சு, ஏ. பீம்சிங், ஏ.சி. திருலோகசந்தர் போன்ற இயக்குநர்களும் அந்த வளாகத்தில் படத்துக்குப் படம் தொடர்ந்து பணியாற்றியதால், ஏவி.எம். படம் என்றாலே குடும்பத்தோடு போகலாம் என்ற எண்ணம் மக்களிடம் உருவாயிற்று. ஒரு நிறுவனத்தின் பெயரை நம்பி டிக்கெட் வாங்கும் பழக்கம் அது. எம்.ஜி.ஆர். நடித்த ஒரே ஏவி.எம். படமும் அந்நிறுவனத்தின் முதல் வண்ணப் படமுமான ‘அன்பே வா’ 1966இல் வந்தபோது இந்தப் பெயர் அதன் உச்சியில் இருந்தது எனலாம்.

சரிவு பல பக்கங்களிலிருந்தும் மெல்ல வந்தது. எடை குறைந்த கேமராக்களும் எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய விளக்குகளும் பரவியபின் வெளிப்புறப் படப்பிடிப்பு எளிதாயிற்று. 1970களின் பிற்பகுதியில் உண்மையான கிராமங்களுக்கே போய் எடுக்கப்பட்ட படங்கள் வெற்றி பெற்றதும், தளத்தில் போடப்பட்ட செட்டுகள் ரசிகர்களின் கண்ணுக்குச் செயற்கையாகத் தெரியத் தொடங்கின. நட்சத்திரங்களின் சம்பளம் படச் செலவில் பெரும்பங்காகியபின், எந்த நிறுவனம் எடுக்கிறது என்பதைவிட யார் நடிக்கிறார் என்பதே விநியோகஸ்தர்கள் கேட்கும் கேள்வியாயிற்று. அதோடு, கோடம்பாக்கத்து நிலத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போனதால், அதில் படம் எடுத்துக் கிடைக்கும் வருமானம் அந்த நிலத்தின் விலைக்கு ஈடாக இல்லாமல் போயிற்று. ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டல் நிற்கிறது. வாகினி வளாகத்தில் மருத்துவமனையும் வணிக வளாகமும் எழுந்தன. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் நினைவாக அதன் நுழைவு வளைவு மட்டும் எஞ்சியிருக்கிறது.

மெய்யப்பன் 1979இல் காலமானார். அவருடைய மகன்களில் எம். சரவணன் நிறுவனத்தின் முகமாக விளங்க, ஏவி.எம். காலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. நட்சத்திரங்களோடு போட்டியிடாமல் அவர்களை வைத்தே படமெடுத்தார்கள்: ரஜினிகாந்துக்கு 1980இல் ‘முரட்டுக் காளை’, கமல்ஹாசனுக்கு 1982இல் ‘சகலகலா வல்லவன்’. இரண்டையும் இயக்கிய எஸ்.பி. முத்துராமன் ஏவி.எம். வளாகத்திலேயே தொழில் கற்றவர். பத்தாண்டுகளுக்குச் சற்று மேலாகத் திட்டமிட்ட நாளில் தொடங்கித் திட்டமிட்ட நாளில் முடிப்பது, வெளியீட்டுத் தேதியை முன்கூட்டியே சொல்வது என்ற ஒழுங்கோடு அவர்களால் படங்களைக் கொடுக்க முடிந்தது.

தொலைக்காட்சிக்குள் அவர்கள் போனது இந்த இடத்தில்தான் பொருளுள்ளதாகிறது. மதராஸ் தூர்தர்ஷன் 1975இல் தொடங்கப்பட்டது. 1980களில் வெளியார் தயாரிக்கும் தொடர்களை அது ஒளிபரப்பத் தொடங்கியபோது, சிவசங்கரியின் நாவலை ‘ஒரு மனிதனின் கதை’ என்ற தொடராக ஏவி.எம். தயாரித்தது. குடிப்பழக்கத்தால் சீரழியும் மனிதனாக ரகுவரன் அதில் நடித்தார். பெரும்பாலான சினிமாக்காரர்கள் தொலைக்காட்சியை எதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பழைய ஸ்டூடியோ இப்படிச் செய்ததற்கான காரணம் தளத்தில் இருக்கிறது. தொடர்க் கதைகள் பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பவை. கூடம், சமையலறை, படுக்கையறை என்று ஒரு வீட்டை ஒருமுறை போட்டுவிட்டால் மாதக்கணக்கில் அதிலேயே எடுக்கலாம். கிராமத்துக்கு ஓடிப்போன சினிமா விட்டுச்சென்ற தளத்துக்கு, வீட்டை விட்டு வெளியே வராத தொடர் மிகப் பொருத்தமான வாடிக்கையாளர். 1986இல் ஏவி.எம். தயாரித்து விசு இயக்கிய ‘சம்சாரம் அது மின்சாரம்’, ஏறக்குறைய ஒரே வீட்டுக்குள் நடக்கும் கதையைக் கொண்டு சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றதும் இந்தப் பின்னணியில் கவனிக்கத்தக்கது.

தனியார் சேனல்கள் வந்தபின் இந்தத் தொழிலுக்குப் புதிய வியாபார முறை ஒன்று அமைந்தது. தயாரிப்பாளர் சேனலிடம் அரை மணி நேரத்தை விலைக்கு வாங்குவார். துறையில் அதை ஸ்லாட் என்பார்கள். அந்த அரை மணியில் சில நிமிடங்கள் விளம்பரத்துக்கென்று அவருக்குக் கொடுக்கப்படும். அந்த நிமிடங்களை விற்றுத்தான் சேனலுக்குக் கட்டிய தொகையையும், தொடரை எடுத்த செலவையும், தன் லாபத்தையும் அவர் ஈட்ட வேண்டும். இதற்கு மாறாக, சேனலே ஓர் அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து எடுக்கச் சொல்லும் முறையும் உண்டு. அதில் இடர் குறைவு, ஆனால் தொடரின் உரிமை பெரும்பாலும் சேனலுக்குப் போய்விடும். முதல் முறையில் நேரம் என்பதே ஒரு சரக்கு. ஏவி.எம். ‘நிம்மதி உங்கள் சாய்ஸ்’ போன்ற பல தொடர்களைத் தயாரித்துத் தொலைக்காட்சியிலும் நன்கு அறியப்பட்ட பெயராயிற்று.

இதற்கிடையில் படத் தயாரிப்பின் வேகம் குறைந்தது. ‘மின்சார கனவு’ 1997இலும், ‘ஜெமினி’ 2002இலும், ஷங்கர் இயக்கிய ‘சிவாஜி’ 2007இலும், ‘அயன்’ 2009இலும் வந்தன. 2011இல் வந்த ‘முதல் இடம்’ படத்துக்குப் பிறகு நீண்ட இடைவெளி. 2022இல் ‘தமிழ்ராக்கர்ஸ்’ என்ற இணையத் தொடரைத் தயாரித்தார்கள். படங்களைத் திருட்டுத்தனமாக இணையத்தில் வெளியிடும் கும்பலைப் பற்றிய கதை அது. உரிமை வியாபாரத்தில் ஊறிய நிறுவனம் தேர்ந்தெடுத்த கதைக்களம் இதுவாக இருந்ததில் வியப்பில்லை. பழைய கேமராக்களும் கார்களும் வைக்கப்பட்ட அருங்காட்சியகம் ஒன்று 2023இல் அந்த வளாகத்தில் திறக்கப்பட்டது.

இன்று ஒரு ஸ்டூடியோ நிறுவனத்தின் சொத்துப் பட்டியலைப் போட்டால் தளங்களுக்கும் கருவிகளுக்கும் மேலே இரண்டு இனங்கள் வரும்: நிலம், பழைய படங்களின் உரிமை. பிந்தையதற்குக் காலவரம்பு உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். கமல்ஹாசன் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமான ‘களத்தூர் கண்ணம்மா’ 1960இல் வெளியானது. ஆகவே அந்தப் படத்தின் மீதான உரிமை 2020 டிசம்பர் 31 அன்று முடிவடைந்திருக்கும். அதே படத்தின் கதை, வசனம், பாடல் வரிகள் ஆகியவற்றுக்கான பதிப்புரிமையோ, அவற்றை எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் வரை தனியே ஓடிக்கொண்டிருக்கும். எனவே படம் பொதுவுடைமையான பின்னும் அதை மறுபடி எடுக்க விரும்புபவர் யாரிடமாவது அனுமதி கேட்டாக வேண்டும். யாரிடம் என்பதைச் சொல்பவை எழுத்தாளர்களோடும் பாடலாசிரியர்களோடும் ஸ்டூடியோ அன்று செய்துகொண்ட ஒப்பந்தங்கள்.